மாத்திரை வயிற்றில் விழுந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் நலவாழ்வுப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு இரண்டு வாக்கியம் அச்சிட்டிருந்தீர்கள். எந்த மாத்திரையானாலும் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவதே பாதுகாப்பு என்பது ஒன்று. மாத்திரை இரைப்பையில் கரைந்து ரத்தத்தில் கலந்துவிடும் என்பது இன்னொன்று. முதலாவது சில மாத்திரைகளுக்குச் சரி. இரண்டாவது எதற்குமே முழுசாகச் சரியில்லை.

நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது ஒட்டன்சத்திரத்தில் என் தம்பி மகன் நடத்தும் மருந்துக்கடையில் மாலை நேரத்தில் உட்காருகிறேன். திங்கட்கிழமையே உங்கள் கட்டத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்து ஒருவர் கண்ணாடி மேசை மேல் வைத்தார். "ஏனுங்கம்மா, பேப்பர்லயே போட்டிருக்காங்க. நீங்க எதுக்கு வெறும் வயித்துல போடுங்கன்னு உசுர வாங்குறீங்க?" என்றார். அவர் தைராய்டு மாத்திரை வாங்குகிறவர். மனிதர் சண்டைக்கு வரவில்லை, நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார். அவருக்குச் சொன்னதைத்தான் இன்னும் விரித்து உங்களுக்கு எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை கரைவது முதல் வேலை, அவ்வளவுதான். கரைந்த மருந்து குடல் சுவரின் செல்களைத் தாண்டினால்தான் ரத்தத்துக்கே போக முடியும். ரத்தத்தில் போனதும் கல்லீரல் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். மூளைக்கு வேலை செய்ய வேண்டிய மருந்தென்றால் அங்கே இன்னும் கடுமையான தடுப்பு இருக்கிறது. இந்த இடங்களிலெல்லாம் மருந்து எதிர்கொள்வது செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வை. அது கொழுப்பாலான ஈரடுக்குப் படலம். தடிமன் சுமார் 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை 2 லட்சம் பங்கு வைத்தால் அதில் ஒன்று. அத்தனை மெல்லிய ஒன்றுதான் எந்த மருந்து வேலை செய்யும், எது செய்யாது என்பதில் பாதியைத் தீர்மானிக்கிறது.

1890-களில் சூரிக் நகரில் எர்னஸ்ட் ஓவர்ட்டன் என்பவர் செடிகளின் செல்களையும் தவளைக் குஞ்சுகளையும் வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்களைச் சோதித்தார். எண்ணெயில் எளிதாகக் கரைவது செல்லுக்குள் எளிதாக நுழைகிறது, தண்ணீரோடு மட்டும் ஒட்டிக்கொள்வது வெளியிலேயே நிற்கிறது என்று கண்டார். சவ்வு கொழுப்பாலானது என்ற யோசனை அங்கிருந்து வந்தது. 1925-ல் நெதர்லாந்தில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்து நீரின் மேல் பரப்பிப் பார்த்தார்கள். அணுக்களின் பரப்பைப்போல இரண்டு மடங்கு வந்தது. ஆக ஈரடுக்கு. பிற்பாடு பார்த்தால் அவர்கள் கொழுப்பை முழுசாகப் பிரித்தெடுக்கவில்லை, அணுவின் பரப்பையும் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான விடை வந்துவிட்டது. விஞ்ஞானத்திலும் அதிர்ஷ்டம் உண்டு.

எண்ணெயில் கரைவதா இல்லையா என்பது பல மருந்துகளுக்கு இடத்தைப் பொறுத்து மாறும். மின்னூட்டம் ஏறிய மூலக்கூறு கொழுப்புப் படலத்தைத் தாண்டத் திணறும், ஏறாதது சுலபமாகத் தாண்டும். ஆஸ்பிரின் ஓர் அமிலம். இரைப்பையின் கடும் அமிலத்தில் அது மின்னூட்டமில்லாமல் இருக்கும். அதனால் இரைப்பைச் சுவரின் செல்லுக்குள் போய்விடும். உள்ளே அமிலத்தன்மை குறைவு. அங்கே மின்னூட்டம் ஏறி, திரும்ப வெளியே வர முடியாமல் தங்கிப்போகும். ஆஸ்பிரின் வயிற்றைப் புண்ணாக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் ஆஸ்பிரின் இரைப்பையிலேயே ரத்தத்தில் ஏறிவிடுமே என்று கேட்கலாம். கொஞ்சம் ஏறும். பெரும்பங்கு ஏறுவது சிறுகுடலில்தான். அங்கே அதற்கு மின்னூட்டம் இருந்தாலும் பரப்பு அவ்வளவு பெரியது. ஒரு டென்னிஸ் மைதானம் அளவு என்று நான் படித்த பாடப்புத்தகத்தில் இருந்தது. 2014-ல் ஸ்வீடனில் கோதன்பர்க் ஆய்வாளர்கள் இருவர் திரும்ப அளந்து, மொத்தக் குடல்பாதையும் 30 சதுர மீட்டர் சொச்சம்தான் என்றார்கள். டென்னிஸ் மைதானம் போனாலும் ஒரு நல்ல வீட்டுக் கூடம் அளவாவது மிஞ்சுகிறது. இரைப்பைக்கு அதில் மிகச் சிறு பங்குதான். ஆகவே பெரும்பாலான மாத்திரைகளுக்கு இரைப்பை காத்திருக்கும் இடம் மட்டும்தான். வயிறு நிறையச் சாப்பிட்டால் அந்தக் காத்திருப்பு நீளும்.

இதே மின்னூட்ட விவகாரத்தைப் பல் மருத்துவரிடம் போனவர்கள் அனுபவித்திருப்பார்கள். சீழ் கோத்த பல்லைப் பிடுங்க ஊசி போட்டும் சரியாக மரத்துப்போவதில்லை. டாக்டர் ஊசியை மிச்சம் பிடித்துவிட்டார் என்று வெளியே வந்து திட்டுவார்கள். அந்த ஊசியில் இருக்கும் மரப்பு மருந்தான லிக்னோகெயின் நரம்பின் சவ்வைத் தாண்டி உள்ளே போய்த்தான் வேலை செய்யும். சாதாரணத் திசுவில் அதில் கால்வாசி மின்னூட்டமில்லாத வடிவில் இருக்கும், அது போதும். சீழ் பிடித்த இடம் அமிலமாகிவிடுவதால் அந்தக் கால்வாசி நூற்றுக்கு மூன்று, நான்கு என்று சுருங்கிவிடும். மருந்து பக்கத்திலேயே நிற்கும், உள்ளே போகாது. முதலில் ஆன்டிபயாடிக் கொடுத்து ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று சிலரை அனுப்பிவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, தைராய்டு மாத்திரைக்கு வருகிறேன். தைராக்சினுக்குப் பிரச்சினை சவ்வுக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. காபி, பால், கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை இவற்றோடு சேர்ந்தால் அது குடல் சுவரைத் தொடுவதே குறைந்துபோகும். அதனால்தான் விடிந்ததும் வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு, அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடிக்கச் சொல்கிறோம். கால்சியம், இரும்புக்கு 4 மணி நேர இடைவெளி. நம் ஊரில் காபியைத் தள்ளிப்போடுவதுதான் இந்த நோயின் பெரிய கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் தினம் காபியோடு போட்டுவிட்டு, "டோஸ் பத்தல, டாக்டர் ஏத்திட்டே போறார்" என்று சொல்பவர்களுக்கு உங்கள் கட்டம் நல்ல சாக்காகிவிட்டது.

சர்க்கரைக்கும் எடைக்கும் பேசப்படும் செமாக்ளூட்டைடு மாத்திரையாகவும் வருகிறது. அது பெரிய மூலக்கூறு. சாதாரணமாக விட்டால் இரைப்பை அதைச் செரித்துத் தள்ளிவிடும். அதனால் ஸ்நாக் (SNAC) என்ற துணைப்பொருளை 300 மில்லிகிராம் அதே மாத்திரைக்குள் வைத்திருக்கிறார்கள். மாத்திரை ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் அமிலத்தைத் தணித்து, இரைப்பைச் சுவரின் சவ்வைக் கொஞ்ச நேரம் இளக்கி, மருந்தை உள்ளே விடுவது அதன் வேலை. இத்தனை ஏற்பாட்டுக்கும் ரத்தத்தில் சேர்வது நூற்றில் ஒரு பங்கு அளவுதான். வெறும் வயிற்றில், 120 மில்லிக்கு மேல் போகாத தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. இதைச் சாப்பாட்டுக்குப் பின் போடுகிறவர் பணத்தைக் கழிவறையில் கொட்டுகிறார். என்ன விலை என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.

இதுவரை சொன்னது தானாகக் கசிந்து போகும் மருந்துகளும், நாம் வம்படியாக நுழைப்பதும். இன்னொரு வகை, சவ்வில் பதிந்திருக்கும் கடத்திப் புரதங்களைப் பிடித்துக்கொண்டு போவது. இதற்கு நடுக்குவாத நோயாளிகளைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. பார்க்கின்சன் என்கிற இந்த நோயில் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைகிறது. நேராக டோபமினையே கொடுக்கலாமே என்றால், அது மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரைத் தாண்டாது. அதன் முந்தைய வடிவமான லெவோடோபா தாண்டும். அது அமினோ அமிலம் என்பதால், அமினோ அமிலங்களுக்காகவே இருக்கும் ஒரு கடத்தி அதைத் தன் ஆள் என்று ஏற்றிக்கொள்கிறது. கூடவே கார்பிடோபாவைச் சேர்ப்பது, மூளைக்கு வெளியே லெவோடோபா வீணாக டோபமினாக மாறிவிடாமல் தடுக்க. கார்பிடோபா மூளைக்குள் போகாது. போகாமலிருப்பதுதான் அதன் தகுதியே.

இங்கேதான் முட்டையும் பருப்பும் கோழிக்குழம்பும் குறுக்கே வருகின்றன. புரதம் செரித்தால் அமினோ அமிலம். குடலிலும் மூளை வாசலிலும் இரண்டுக்கும் ஒரே கடத்திதான். தைப்பூசத்தன்று பழனி பஸ்ஸில் ஏறப் பார்ப்பது மாதிரி. பஸ் இருக்கிறது, படிக்கட்டில் காலை வைக்கத்தான் இடமில்லை. 1984-ல் அமெரிக்காவில் ஜான் நட் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டினார்கள். நோயாளிகளுக்கு லெவோடோபாவை வாய் வழியாகக் கொடுக்காமல் ரத்தக்குழாய் வழியாகச் சீராக ஏற்றினார்கள். நன்றாக நடமாடினார்கள். அப்புறம் புரதம் நிறைந்த உணவைக் கொடுத்தார்கள். ரத்தத்தில் லெவோடோபா அளவு குறையவே இல்லை. ஆனாலும் உடம்பு மறுபடி இறுகிப்போனது. அதே கடத்தியில் ஏறும் லியூசின், பினைல்அலனின் போன்ற அமினோ அமிலங்களைக் கொடுத்தபோதும் இறுகியது. வேறு கடத்தியில் போகும் கிளைசினும் லைசினும் ஒன்றும் செய்யவில்லை. நான் வகுப்பில் படித்ததில், நோயாளி வீட்டில் போய்ச் சொன்னதும் அங்கேயே பலித்தது இது ஒன்றுதான்.

என் அத்தை முறை ஒருவருக்கு இந்த நோய். காலையில் இட்லியோடு மாத்திரை, மதியம் குழம்பும் முட்டையும் முடித்தபின் மாத்திரை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலிலிருந்து எழுப்புவதற்கே இரண்டு பேர் வேண்டியிருந்தது. மருந்து கேட்கவில்லை, நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொண்டுவந்தோம். முட்டை, பயறு எல்லாம் ராத்திரிக்குப் போனது. டோஸ் ஒரு மில்லிகிராம்கூடக் கூடவில்லை. மத்தியானம் திண்ணைவரை தானே நடந்தார். எல்லாருக்கும் இவ்வளவு வித்தியாசம் தெரியும் என்று சொல்ல மாட்டேன். மாத்திரையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் குமட்டல் வந்தால், இரண்டு பிஸ்கட்டோடு போடச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. புரதத்தை அடியோடு நிறுத்துவதும் கூடாது, உடம்பு இளைத்துவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பூனைக்காலி விதையில் இருப்பதும் இதே லெவோடோபாதான். நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்கிப் பாலில் கலந்து குடித்துக்கொண்டே டாக்டர் மாத்திரையையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால், "அது மருந்தில்லைங்க, சத்து" என்பார்கள். டாக்டரிடம் அதைச் சொல்லியாக வேண்டும்.

இப்போது எங்கள் ஊர்ப் பெருமை. கள்ளிமந்தையம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கும் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். கம்பிப் பந்தலில் கொடியேற்றி, காலையில் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைப்பார்கள். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. விதை ஏற்றுமதியாகிறது, அதிலிருந்து எடுப்பது கோல்சிசின். யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்கித் துடிக்கிறவர்களுக்குக் கொடுக்கும் மருந்து. விதை விலை ஏறினதையும் இறங்கினதையும் உங்கள் பத்திரிகை தவறாமல் போடுகிறது. கோல்சிசினுக்கு உயிரியலில் வேறொரு வரலாறும் இருக்கிறது.

1976-ல் கனடாவின் டொரன்டோவில் ஜூலியானோ, விக்டர் லிங் இருவரும் வெள்ளெலி செல்களைக் கோல்சிசினில் வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானவை செத்தன, சில பிழைத்தன. பிழைத்தவற்றின் சவ்வில் ஒரு பெரிய புரதம் ஏராளமாக இருந்தது. பி-கிளைகோபுரோட்டீன் என்று பெயர் வைத்தார்கள். உள்ளே வரும் மருந்தைப் பிடித்து வெளியே தள்ளும் பம்பு அது என்பது பின்னால் தெளிவானது. புற்றுநோய் செல்கள் இதை நிறைய உற்பத்தி செய்துகொண்டு பல மருந்துகளை ஒரேயடியாகத் தோற்கடிக்கின்றன. நித்திய கல்யாணியிலிருந்து எடுக்கும் வின்பிளாஸ்டினும் அப்படித் தோற்கும் மருந்துகளில் ஒன்று.

ஆனால் இந்தப் பம்பு நமக்குப் பகை அல்ல. நம் குடல் சுவரிலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மூளையின் ரத்தக்குழாய்களிலும் பிறவியிலேயே இருக்கிறது. அங்கே எதற்கு என்பது ஆம்ஸ்டர்டாமில் தற்செயலாகத் தெரியவந்தது. இந்தப் பம்பின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை ஆல்ஃபிரட் ஷிங்கெல் குழுவினர் வளர்த்தார்கள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. கூண்டில் உண்ணி வந்ததால் வழக்கம்போல ஐவர்மெக்டின் தெளித்தார்கள். சாதாரண எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, இவை செத்து விழுந்தன. மூளையில் ஐவர்மெக்டின் ஏறியிருந்தது. பம்பு இல்லாத எலிகளுக்கு அந்த மருந்தின் நச்சு சுமார் 100 மடங்கு என்று 1994-ல் எழுதினார்கள். நாம் யானைக்கால் நோய் ஒழிப்புக்கு விழுங்கும் அதே ஐவர்மெக்டின் நம் மூளையைத் தொடாமல் போவதற்கு இந்தப் பம்பு காவல் நிற்பது முக்கியக் காரணம். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் லோபரமைடு அபின் குடும்பத்து மருந்துதான், இருந்தும் போதை தராதது இதனால்தான். ஒவ்வாமைக்கு அவில் போட்டால் தூங்கி விழுகிறவர், அதே ஒவ்வாமைக்குப் பெக்ஸோபினடின் போட்டால் ஆபீஸுக்குப் போவதும் இதனால்தான்.

ஆபத்து எங்கே என்றால், சில மருந்துகள் இந்தப் பம்பையே அடைத்துவிடும். கிளாரித்ரோமைசின் அவற்றில் ஒன்று. சளி கட்டினாலோ வயிற்றுப் புண்ணுக்கோ எழுதுகிற ஆன்டிபயாடிக். அது பம்பையும் அடைக்கும், கோல்சிசினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியையும் அடக்கும். கோல்சிசினுக்கு நல்ல அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே தூரம் குறைவு. இந்த இரண்டு மருந்தும் சேர்ந்து உயிரிழப்பு நேர்ந்திருக்கிறது என்று 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. சிறுநீரகம் பழுதானவருக்கு இன்னும் மோசம். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் மூட்டு வலிக்கு ஒரு டாக்டர், இருமலுக்கு இன்னொரு டாக்டர் என்று போகிறவர்கள்தான் அதிகம். ஒரு சீட்டு மற்றொரு டாக்டருக்குத் தெரியாது. இந்த இரண்டு சீட்டும் ஒரே கவரில் சேரும் இடம் மருந்துக்கடை மேசை. கோல்சிசின் வாங்கியவர் மறுவாரம் ஆன்டிபயாடிக் சீட்டோடு வந்தால் நான் போனை எடுத்து டாக்டரைக் கூப்பிடுவேன். திட்டு வாங்கியும் இருக்கிறேன், நன்றியும் வாங்கியிருக்கிறேன். தோட்டத்தில் அந்தக் கிழங்கைத் தொட்ட கையோடு சோறு தின்னாத விவசாயி, மாத்திரையாக வந்ததும் அதே சரக்கை மிட்டாய் மாதிரி போட்டுக்கொள்கிறார் என்பது எனக்கு எப்போதும் வியப்புதான்.

உங்கள் கட்டம் முழுக்கத் தப்பு என்று நான் சொல்லவில்லை. டைக்ளோஃபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளைச் சாப்பிட்டபின் போடுவதே வயிற்றுக்கு நல்லது. மெட்பார்மினும் அப்படியே. மூளையில் நாடாப்புழுவின் இளம்புழு தங்கியவர்களுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோலைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால் ரத்தத்தில் சேர்வது 5 மடங்குவரை கூடும். அதை வெறும் வயிற்றில் கொடுப்பதுதான் வீண். சிப்ரோஃப்ளாக்சசினுக்குச் சாப்பாடு பெரிய தடையில்லை, பாலும் தயிரும்தான் தடை. பெக்ஸோபினடினை ஆரஞ்சு, ஆப்பிள் பழச்சாற்றோடு விழுங்கினால், குடலில் அதை ஏற்றிவிடும் கடத்தியைப் பழச்சாறு அடைத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் பெரும்பாலும் ஒரு சவ்வின் ஓரத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக நேரத்தை மாற்ற வேண்டாம் என்பதையும் சேர்த்தே அச்சிடுங்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடமோ கொடுத்த மருந்தாளுநரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றட்டும்.

எங்கள் கடைக் கவரில் உணவுக்கு முன், உணவுக்குப் பின் என்று இரண்டே கட்டம்தான் அச்சாகி வருகிறது. அது போதவில்லை என்று ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்திருக்கிறேன். ஒன்றில் "காபிக்கு முன், வெறும் தண்ணீரில்". ஒன்றில் "பால், தயிர், கால்சியம் சேர்க்க வேண்டாம்". ஒன்றில் "உடைக்காமல், இடிக்காமல் முழுசாக". தம்பி மகன் சிரிக்கிறான், ஆனால் இப்போது அவனும் குத்துகிறான். நான்காவதாக, "வேறு டாக்டர் சீட்டு இருந்தால் காட்டவும், ஏனென்றால்" என்று தொடங்கிக் காரணத்தையும் போட்டுவிட ஆசை. அவ்வளவு எழுத்துக்கு ஸ்டாம்பில் இடமில்லை என்கிறார் செய்து கொடுக்கிறவர். உங்களிடம் வாரம் ஒரு முழுப் பக்கம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.